பதினான்காம் எண் குதிரை

நிக்காந்த்ரோவைத் தேள் கொட்டினால் அவர் முதலில் அந்தத் தேளைப் பெற்ற தாயைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். பிறகு கையை உதறிக்கொண்டு அடுத்த செங்கல்லை எடுப்பார். கெரேரோ மாநிலத்தின் சூடான தாழ்நிலத்தில், லாஸ் ஓர்னோஸ் ஊரில் செங்கல் அறுக்கிற எல்லோரையும் தேள் கொட்டும். அடுக்கி வைத்த செங்கல்லைவிட நல்ல வீடு தேளுக்குக் கிடையாது. மற்றவர்களைக் கொட்டினால் மூக்கு அரிக்கும், தொண்டையில் முடி சிக்கிக்கொண்டது போல இருக்கும், எச்சில் வழியும். குழந்தைகள் சில சமயம் பிழைப்பதில்லை. சிறுவயதிலிருந்து கொட்டு வாங்கி வாங்கி நிக்காந்த்ரோவுக்கு மட்டும் அது வலியோடு சரி.

"இவரைக் கொட்டிட்டு அந்தத் தேள்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடுது" என்பாள் அவர் மனைவி ஒப்துலியா. ஊரே சிரிக்கும். ஊர்ச் சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் யரெலி மட்டும் சிரிக்கவில்லை. நிக்காந்த்ரோவின் ரத்தத்தில் கொஞ்சம் எடுத்து தேசிய நச்சுமுறிப்பு நிறுவனத்துக்கு அனுப்பி வைத்தாள். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பினாள். அதைப் பின்னால் பல தடவை அழுதுகொண்டே சொன்னாள்.

ஒரு கறுப்புக் கார் வந்தது. அதிலிருந்து இறங்கிய அதிகாரி செங்கல் தூசியில் தன் காலணியைப் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார். மரியாதைக்குப் பேருக்கு முன்னால் 'தோன்' போட்டுப் பேசினார்.

"தோன் நிக்காந்த்ரோ, உங்க ரத்தத்துல தேள் விஷத்தை முறிக்கிற எதிர்ப்பொருள் இருக்கு. விஷம் ஏத்தின எலிக்குப் போட்டுப் பாத்தோம். எலி எந்திரிச்சு நடக்குது. நாடு உங்களைக் கூப்பிடுது."

"எத்தனை நாளைக்குக் கூப்பிடுது?" என்று ஒப்துலியா கேட்டாள்.

"கொஞ்ச நாள்தாம்மா."

நிக்காந்த்ரோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வெயில் காலம் வந்தா எங்க சுகாதார நிலையத்துல மருந்து தீந்துபோயிடுதுங்க. என் ரத்தத்துல மருந்து செஞ்சா முதல் பெட்டி இங்க வரணும். அதுக்குச் சரின்னா வர்றேன்."

"முதல் பெட்டியே உங்களுக்குத்தான்!" என்றார் அதிகாரி. அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது ஒப்துலியாவுக்குப் பிடிக்கவில்லை. வேறெதையாவது மறுத்திருந்தால்கூடக் கொஞ்சம் நம்பியிருப்பாள்.

நிறுவனம் ஒரு குன்றின்மேல் இருந்தது. முன்னால் வெள்ளைக் கட்டடம், பின்னால் குதிரை லாயம். குதிரைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேள் விஷம் ஏற்றி, அதன் உடம்பு விஷத்தை எதிர்க்கப் பழகிய பிறகு ரத்தம் எடுத்து மருந்து செய்வார்கள். பல தலைமுறையாக அதுதான் வேலை. மருந்தும் நன்றாகத்தான் வேலை செய்துகொண்டிருந்தது. அது யாருக்கும் பெருமையாக இல்லை. இயக்குநர் டாக்டர் எவரிஸ்தோ வெளிநாட்டு மாநாடு ஒன்றுக்குப் போயிருந்தபோது, மற்ற நாட்டுக்காரர்கள் மனித எதிர்ப்பொருளில் மருந்து செய்வதைப் பற்றிப் பேசினார்கள். இவர் முறை வந்ததும் எழுந்து, "இந்த ஆண்டே எங்களிடம் அது தயார்" என்று அறிவித்துவிட்டார். எப்படி என்று திரும்பி வரும் விமானத்தில்தான் யோசிக்கத் தொடங்கினார். இறங்கியதும் யரெலி அனுப்பிய ரத்தக் குப்பி மேஜைமேல் இருந்தது.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. அதைச் சட்ட ஆலோசகர் நிக்காந்த்ரோவை முன்னால் உட்காரவைத்துக்கொண்டே விளக்கினார்.

"மனுஷன்னா சம்மதம் வேணும் சார். அப்புறம் நெறிமுறைக் குழு வேணும். அந்தக் குழுவை அமைக்க இன்னொரு குழு வேணும். குதிரைன்னா ஒண்ணும் வேண்டாம்."

"குதிரையில இடம் காலி இருக்கா?"

"பதினாலாம் நம்பர் இருக்கு சார். மதலேனா. போன மாசம் செத்துப்போச்சு."

நிக்காந்த்ரோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்ப நான் குதிரைங்களா?"

"சேச்சே!" டாக்டர் எவரிஸ்தோ அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். "நிர்வாக அளவுல மட்டும்தான்."

லாயத்தின் பதினான்காம் அறையைக் கழுவி, கட்டில் போட்டு, சிலுவை மாட்டிக் கொடுத்தார்கள். மதலேனாவின் கால்நடை மருத்துவர் கிரிசெல்தாதான் இவருக்கும் மருத்துவர். சோர்ந்த முகமுள்ள நல்ல பெண்மணி. "மன்னிச்சுக்குங்க, வாயைத் திறங்க" என்று சொல்லி, பல்லைப் பார்த்து வயதைக் கணித்தாள். "ஐம்பத்திரண்டுன்னு நானே சொல்லியிருப்பேனே" என்றார் நிக்காந்த்ரோ. "அது செல்லாதுங்க. பல்லுதான் செல்லும்" என்றாள். குளம்புக்கு லாடம் அடிக்கிறவன் தன் முறை வந்ததும் வந்தான். வந்த வேலையைச் செய்யாமல் போனால் அவனுக்குக் கேள்வி வரும். நிக்காந்த்ரோவின் பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்துவிட்டு, கால் நகத்தை வெட்டிவிட்டுப் போனான். தீவனத்துக்கு மக்காச்சோளம் வாங்க அனுமதி உண்டு, பீன்ஸ் வாங்க அனுமதி இல்லை. லாயக்காரன் தாச்சோ தன் வீட்டிலிருந்து பீன்ஸும் மிளகாயும் சட்டைக்குள் ஒளித்துக் கொண்டுவந்து கொடுத்தான்.

"தின்னுங்கண்ணே. யாராவது வந்தா கனைச்சுக் காட்டுங்க" என்றான் தாச்சோ. அன்று இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

முதல் வாரம் நிறுவனத்தில் எல்லோரும் 'அவர்' என்றார்கள். பிறகு 'பதினாலு' என்றார்கள். பிறகு ஒருநாள் காலையில் ஜன்னலுக்கு வெளியே, "அது சாப்பிட்டுச்சா?" என்று ஒரு குரல் கேட்டது. "சாப்பிட்டுச்சு. லேசாக் காய்ச்சல் அடிக்குது, ஆனா நிக்குது" என்று இன்னொரு குரல் சொன்னது. இரண்டாவது குரல் கிரிசெல்தாவுடையது. நிக்காந்த்ரோ பக்கத்து அறைக் குதிரையைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து அறை அன்று காலியாக இருந்தது.

நிறுவனத்தில் இரண்டு துறைகள் உண்டு. நச்சுத் துறை தேள் விஷத்தைப் பிரித்துப் பிரித்து அதிலிருக்கும் நச்சுகளைக் கண்டுபிடிக்கும். முறிப்புத் துறை அந்த நச்சைப் பிடித்துக் கட்டிப்போடும் எதிர்ப்பொருளைத் தேடும். இரு துறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நச்சுத் துறைத் தலைவர் தன் நச்சுகளைப் பெற்ற பிள்ளைகளைப் போல வளர்த்தார்.

"நரம்புல ஒரு கதவு இருக்கு. என் இருபத்திரண்டாவது நச்சு அந்தக் கதவைத் திறந்துட்டு மூடவே விடாது. என்ன அழகு!" என்று அவர் நிக்காந்த்ரோவிடமே சொன்னார். "அதை உங்க ரத்தம் போய் மேல உக்காந்து அமுக்கிடுது. எனக்கு அது தனிப்பட்ட அவமானம்."

"மன்னிச்சுக்குங்க" என்றார் நிக்காந்த்ரோ.

"பரவாயில்ல. இருபத்திமூணு தயாராகுது. நேத்து ஒரு ஆட்டுக்குப் போட்டோம்." ஆட்டுக்கு என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை.

முறிபடாத நச்சு இருந்தால்தான் நச்சுத் துறைக்கு மானியம். முறித்தால்தான் முறிப்புத் துறைக்கு மானியம். எனவே ஒரு துறை வாராவாரம் விஷத்தைக் கூட்டியது, இன்னொரு துறை வாராவாரம் ரத்தத்தைக் கூடுதலாக எடுத்தது. நடுவில் இருந்தது நிக்காந்த்ரோவின் இடது கை. அந்தக் கையில் விரல்கள் மரத்துப்போய்க் கரண்டி நழுவ ஆரம்பித்தது.

பிறகு குதிரைகளை விற்றார்கள். மனித எதிர்ப்பொருள் வந்துவிட்ட நிறுவனத்தில் குதிரை நிற்பதைப் பார்வையாளர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று டாக்டர் எவரிஸ்தோ கேட்டார். குதிரைகள் ஒவ்வொன்றாக லாரியில் ஏறிப் போனதைத் தாச்சோ பார்க்கவில்லை, வைக்கோல் போருக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். லாயம் காலியானது. பகலில்கூட அங்கே நடந்தால் தன் காலடிச் சத்தம் பின்னால் வருவதுபோல இருந்தது நிக்காந்த்ரோவுக்கு.

அவர் இயக்குநரைப் போய்ப் பார்த்தார். "முதல் பெட்டி எங்க ஊருக்குப் போயிருச்சுங்களா?"

டாக்டர் எவரிஸ்தோ அதிர்ந்துபோனார். "தோன் நிக்காந்த்ரோ! உலகத்துலயே அரிய மருந்து அது. அதை நோயாளிக்குப் போட்டா தீந்துபோயிடுமே!"

"அப்ப யாருக்குத்தான் போடறீங்க?"

"எலிகளுக்கு. நம்ம எலிகளை இப்ப எந்தத் தேளும் ஒண்ணும் செய்ய முடியாது." அவர் குரலில் பெருமை தழுதழுத்தது.

"நான் ஊருக்குப் போயிட்டு வரேங்க."

"தாராளமா. உற்பத்தி விலங்கு வளாகத்தை விட்டு வெளிய போக உரிமையாளர் விண்ணப்பிக்கணும்."

"உரிமையாளர் யாருங்க?"

"நாங்கதான்" என்றார் டாக்டர் எவரிஸ்தோ அன்போடு.

மார்ச்சில் அமைச்சர் வந்தார். மேடை போட்டார்கள், வாத்தியக் குழு வந்தது. மருந்துக் குப்பி ஒன்றைக் கண்ணாடிப் பேழைக்குள் வைத்து விளக்கொளி பாய்ச்சினார்கள். நிக்காந்த்ரோவைக் குளிப்பாட்டி, பந்தயத்தில் ஜெயித்த குதிரைக்குக் குத்துவதுபோல மார்பில் நீல நாடாப் பூ குத்தி, மேடை ஓரத்தில் நிறுத்தினார்கள். நிற்பதே கஷ்டமாக இருந்தது. டாக்டர் எவரிஸ்தோ பேசினார்.

"மாண்புமிகு அமைச்சர் அவர்களே! இந்த நிறுவனம் மனிதனை விலங்குபோல நடத்துகிறது என்று சிலர் சொல்கிறார்கள். நான் மறுக்கிறேன். விலங்குக்குத் தரும் ஒரு சலுகையையும் நாங்கள் இவருக்குக் குறைத்ததில்லை! இவர் ஒருநாளாவது மறுத்ததுண்டா? இல்லை. ஏனென்றால் நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. நம்பிக்கை என்பது அதுதான்!"

கைத்தட்டல் எழுந்தது. அதே நேரம் கீழே வாசலில் ஒப்துலியா காவலாளியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். தோளில் பேத்தி லூஸ்மிலா. மூன்று வயது. காலையில் உடுப்பு மாட்டும்போது தேள் கொட்டியிருந்தது. சுகாதார நிலையத்தில் மருந்து இல்லை. குதிரைகள் போன பிறகு எங்குமே வரவில்லை. யரெலி ஒரு செங்கல் லாரியைப் பிடித்து ஏற்றி அனுப்பியிருந்தாள். குழந்தையின் கண்கள் இரண்டும் தனித்தனியாக எங்கெங்கோ உருண்டன. நுரை கழுத்துவரை வழிந்திருந்தது.

"இது ஆஸ்பத்திரி இல்லம்மா. ஆராய்ச்சி நிறுவனம்."

"உள்ள என் புருஷன் இருக்காருய்யா. நிக்காந்த்ரோ. அவர் ரத்தத்துல செஞ்ச மருந்து இருக்கு."

"அந்தப் பேர்ல இங்க ஆளே கிடையாதும்மா." காவலாளி யோசித்தார். "ஒருவேளை… பதினாலாம் நம்பர் குதிரையச் சொல்றியா?"

"குதிரையோ கழுதையோ, கூப்பிடுய்யா!"

அப்போது லூஸ்மிலா வீறிட்டாள். வாத்தியச் சத்தத்துக்கு நடுவிலும் நிக்காந்த்ரோவுக்குத் தெரிந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கினார் என்று சொல்ல முடியாது, விழுந்தார். எழுந்து கண்ணாடிப் பேழையை முழங்கையால் உடைத்தார். குப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். பின்னாலேயே ஓடிவந்த கிரிசெல்தா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"அது வேண்டாம். அதுல வெறும் உப்புத்தண்ணி."

"என் ரத்தம் எங்கம்மா?"

"எலி அறையில."

அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். எலிக்கு அளந்து வைத்த சின்னச் சின்னக் குப்பிகளை மடி நிறைய அள்ளிக்கொண்டு வந்து, காவலாளியின் மேஜைமேல் ஒவ்வொன்றாக உடைத்து ஊசியில் உறிஞ்சினாள். நச்சுத் துறைத் தலைவர் பக்கத்தில் நின்று, "அத்தனையும் அடுத்த வாரச் சோதனைக்கு வச்சது!" என்று கத்தினார். ஊசி ஏறியது. குழந்தையின் காலை நிக்காந்த்ரோ மரத்த கையால் பிடித்துக்கொண்டு நின்றார். பிடித்திருக்கிறோமா இல்லையா என்று அவருக்கே தெரியவில்லை. வாத்தியக் குழுவிடம் நிறுத்தும்படி யாரும் சொல்லாததால் அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

மூன்று பாட்டு முடிவதற்குள் கண்கள் உருள்வது நின்றது. எச்சில் அடங்கியது. லூஸ்மிலா சுற்றிலும் பார்த்துவிட்டு, "என் இன்னொரு சாக்ஸ் எங்க?" என்றாள். ஒப்துலியா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒலிபெருக்கியோடு இறங்கி வந்திருந்தார் டாக்டர் எவரிஸ்தோ. "மாண்புமிகு அமைச்சர் அவர்களே! நீங்கள் இப்போது கண்டது எங்கள் நிகழ்ச்சி நிரலின் கடைசி அம்சம்!" பெரிய கைத்தட்டல். அவர் குனிந்து லூஸ்மிலாவின் முகவாயைப் பிடித்துத் தூக்கினார். கட்டைவிரலால் கீழுதட்டை இறக்கினார்.

"பேத்தியா? மகன் வழியா, மகள் வழியா?"

"மகள் வழிங்க."

"நேர் ரத்தம். எவ்வளவு சின்ன வயசு பாருங்க, இன்னும் முப்பது நாப்பது வருஷம் இருக்கு." அவர் கிரிசெல்தாவிடம் திரும்பினார். "மதலேனா குட்டி போடாமலே செத்ததுல எனக்கு ரொம்ப வருத்தம். இது நல்ல வம்சம். பதினஞ்சாம் அறை காலியா இருக்குல்ல?" பிறகு நிக்காந்த்ரோவிடம், "சொல்லுங்க, இதுக்கு முன்னால இதை எத்தனை தடவை தேள் கொட்டியிருக்கு?"

யார் எதைக் கேட்டாலும் உள்ளதைச் சொல்லித்தான் நிக்காந்த்ரோவுக்குப் பழக்கம். அவர் மனைவியைப் பார்த்தார்.

"தேளா? தேளே இல்லைங்க" என்றார். "எறும்பு."

"என்ன?"

"செவ்வெறும்புங்க. எறும்பு கடிச்சா இவ இப்படித்தான் ஊரைக் கூட்டுவா. கொஞ்ச நேரத்துல தானாச் சரியாயிடும்."

ஒப்துலியா சட்டென்று பிடித்துக்கொண்டாள். "ஆமாங்கய்யா, தாத்தன் மாதிரியே. சும்மாவே கத்துவா. நான்தான் பயந்து தூக்கிட்டு ஓடியாந்துட்டேன், புத்தி கெட்டவ."

அமைச்சர் சிரித்தார். அமைச்சர் சிரித்ததும் எல்லோரும் சிரித்தார்கள். "எறும்புக் கடிக்கா டாக்டர் இவ்வளவு பெரிய மேடை?" என்று கேட்டார். டாக்டர் எவரிஸ்தோவின் முகம் சுண்ணாம்பு போல ஆயிற்று. சிரிப்பு அடங்குவதற்குள் கிரிசெல்தா வாசல் கதவைத் திறந்தாள். "போங்க. மூணு பேரும் போயிடுங்க" என்றாள் உதட்டை அசைக்காமல். லாரி இன்னும் நின்றிருந்தது.

ஊருக்கு வந்தும் நிம்மதி இல்லை. பக்கத்து ஊர்களில் அதிகாரிகள் வீடுவீடாகக் கேட்பதாகச் செய்தி வந்தது. தேள் கொட்டியும் ஒன்றும் ஆகாதவர்கள் யார், அவர்களுக்குப் பிள்ளைகள் எத்தனை என்று கேட்டார்களாம். சிரித்துக்கொண்டே கேட்டார்களாம். அன்றிலிருந்து லாஸ் ஓர்னோஸில் யாரையும் தேள் கொட்டவில்லை. எறும்புதான் கடித்தது. 'தேள்' என்று சொன்ன பிள்ளைகள் வாயில் அடி வாங்கின. சூளையில் ஆண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, சத்தமில்லாமல் கையை உதறினார்கள்.

நிறுவனம் இதைக் கவனித்தது. டாக்டர் எவரிஸ்தோ வானொலியில் பேசினார். "எங்கள் ஆராய்ச்சியின் பலனாக அந்த வட்டாரத்தில் தேள் கொட்டு அடியோடு ஒழிந்தது. மருந்து கொடுத்து உயிரைக் காப்பாற்றுவது பழைய முறை. மருந்தே கொடுக்காமல் ஒழிப்பது எங்கள் முறை! ஆகவே அங்கே இனி மருந்து அனுப்பப்படமாட்டாது."

அந்தப் பேச்சு சுகாதார நிலையத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது நிக்காந்த்ரோ அங்கே விழுந்த சுவரைப் பூசிக்கொண்டிருந்தார். சூளைக்காரன் மனைவி பிரிஸ்கா கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். குழந்தை வில்லாய் வளைந்து துடித்தது. வாயெல்லாம் நுரை.

"என்ன கடிச்சுச்சு?" என்று யரெலி கேட்டாள்.

பிரிஸ்கா வானொலியைப் பார்த்தாள். நிக்காந்த்ரோவைப் பார்த்தாள். "எறும்பு, டாக்டர்."

"பிரிஸ்கா, எறும்புன்னா என்கிட்ட குடுக்க ஒண்ணுமில்ல. பக்கத்து டவுன்ல பழைய குதிரை மருந்து ரெண்டு குப்பி இருக்கு. தேள்னு நான் போன்ல சொன்னாத்தான் தருவாங்க. சொன்னா அவங்க மேல சொல்லுவாங்க. மேல இருக்கறவங்க யாருன்னு கேட்டுக்கிட்டு ஊருக்கே வருவாங்க."

பிரிஸ்கா அழுதாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு வீட்டில் இன்னும் மூன்று பிள்ளைகள் இருந்தன.

நிக்காந்த்ரோ கொத்துக்கரண்டியைக் கீழே வைத்தார். "தேள்னு சொல்லுங்க டாக்டர். பாத்தது யாருன்னு கேட்டா என் பேரைச் சொல்லுங்க. பேர் தெரியலேன்னா பதினாலாம் நம்பர்னு சொல்லுங்க, உடனே புரிஞ்சுக்குவாங்க."

யரெலி போனை எடுத்தாள். மோட்டார் சைக்கிளில் மருந்து வந்தது. சாயங்காலம் அந்தக் குழந்தை பால் குடித்தது.

"கிழவா, ஓடிடலாமா?" என்றாள் ஒப்துலியா.

"நீயும் குட்டியும் உன் அக்கா ஊருக்குப் போயிடுங்க. நான் இங்க இல்லேன்னா அவங்க தேட ஆரம்பிப்பாங்க கிழவி. தேடுனா எல்லாரும் கிடைப்பாங்க."

ஒப்துலியா பேத்தியை மட்டும் அனுப்பிவிட்டு அவரோடு இருந்துகொண்டாள்.

நிறுவனத்துக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து ஊரே தெருவில் இருக்கும் நேரம் பார்த்து வந்தார்கள். கார் இல்லை. குதிரை ஏற்றுகிற நீளமான இழுவண்டி, புதிதாக வாங்கியது, பெயின்ட் வாசம்கூடப் போகவில்லை. கிரிசெல்தா இறங்கினாள். நிக்காந்த்ரோவின் முகத்தைப் பார்க்காமல் பின் பலகையை இறக்கிவிட்டாள்.

"யாரும் பிடிக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவரே ஏறினார். ஏறியவர் உள்ளே நின்று பார்த்தார். இரண்டு பக்கமும் நாலு நாலு தடுப்புகள். எட்டிலும் புதுக் கட்டில் போட்டிருந்தது. எட்டிலும் சிலுவை மாட்டியிருந்தது.

"குதிரைங்கள வித்துட்டீங்களேம்மா" என்றார். "எனக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வண்டி?"

அதிகாரி ஒருவர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, தெருவைப் பார்த்து அன்பாக வணக்கம் சொன்னார். ஒவ்வொரு வீட்டிலும் கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது. வண்டி கிளம்பவில்லை. பலகை இறக்கியபடியே கிடந்தது.